காட்டுப் புல் பால்

தாசேக் கெலுகோர் பக்கம் ஜெகதீஸ்வரி என்று கேட்டால் யாருக்கும் தெரியாது; மாட்டுக்கார அக்கா என்றால் வாசல்வரை கொண்டுபோய் விடுவார்கள். கணவர் போனபின் பிள்ளைகளைக் கரையேற்றியது நான்கு பசுக்கள்தான். சுற்றிலும் செம்பனைத் தோட்டம். அங்கே புல்லுக்கு மருந்தடிப்பார்கள், மாட்டை விட முடியாது. மேய்ச்சலுக்கு மிச்சமிருந்தது பின்னாலிருந்த காடு.

அந்தக் காட்டுக்கும் ஒரு கம்பெனி வந்தது. மரங்கள் இழுத்துக்கொள்ளும் கரியமில வாயுவுக்கு விலை போட்டு, எங்கோ புகைவிடும் ஆலைகளுக்கு விற்பார்களாம். காற்றை விற்கும் சாமர்த்தியம், பாலில் தண்ணீர்கூடக் கலக்கத் தெரியாத அக்காவுக்குப் புரியவில்லை. வேலி போட்டது மட்டும் புரிந்தது. அதில் ஓர் ஓட்டை போட்டு மாடுகளை உள்ளே விட்டாள்.

பிறகு ஜார்ஜ்டவுன் ஓட்டலில் கம்பெனி ஒரு விழா வைத்தது. ஊர்மக்கள் சார்பில் வரும்படி கம்பெனிப் பெண் தனுஜா அழைத்தாள். மேனேஜர் ஹஸ்ருலிடம் நேரிலேயே மேய்ச்சலுக்கு அனுமதி கேட்டுவிடலாம் என்று அக்கா கிளம்பினாள். காரியமாகப் போகிறவள் வெறுங்கையோடா போவாள்? விடியலில் கறந்து காய்ச்சிய பாலைத் தூக்குவாளியில் ஊற்றிக்கொண்டு, கடலைத் தாண்ட ஃபெரி ஏறினாள்.

ஹஸ்ருல் ஒரு வாய் குடித்தார். சொக்கிப்போய், தனுஜா பக்கம் திரும்பி வேகமான மலாயில் ஏதோ கேட்டார்.

"மாட்டுக்கு என்ன தீனின்னு பாஸ் கேக்கறாரு ஆன்ட்டி. கடைத் தீவனமா?" என்றாள் தனுஜா.

அக்காவுக்குச் சுருக்கென்றது. அவள் பாலைக் குடித்துவிட்டா இந்தக் கேள்வி!

"கடைத் தீனியா? என்னாம்மா நீ! காட்டுப் புல்லு லா! தெனமும் வேலிக்கு உள்ள போயி நல்லா மேஞ்சிட்டு வருது."

தனுஜா திருதிருவென்று விழித்தாள். அவள் தயங்குவதைப் பார்த்து, அக்காவே அதைத் தனக்குத் தெரிந்த சந்தை மலாயில் விளக்கமாகச் சொன்னாள். ஹஸ்ருல் கிளாஸைக் கீழே வைத்தார்.

கம்பெனியை ஈவிரக்கமில்லாதது என்று சொல்லிவிட முடியாது. ஓட்டையை அடைத்த கையோடு, பிழைப்புப் போயிற்றே என்று வேலிக் காவல் வேலையை அவளுக்கே கொடுத்தது. பச்சைச் சட்டை, தொப்பி எல்லாம் உண்டு. தீவனம் வாங்கிக் கட்டுப்படியாகாமல் மூன்று மாடுகளை விற்றாள். கடைசிப் பசுவை விற்க மனம் வரவில்லை.

ஒரு காலை அது கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து வேலியை முட்டியது. கம்பெனிக்காகப் படமெடுக்க வந்திருந்த தனுஜா சற்றுத் தள்ளி நின்றாள். அக்கா கம்பை ஓங்கினாள். அடிக்கக் கை வரவில்லை. நெற்றியைப் பிடித்துத் தள்ளினாள். பசு அவள் பச்சைச் சட்டையை நக்கியது.

"போடி... என்னப் பாக்காத. நான் இப்ப கம்பெனி ஆளுடி." அக்கா தொப்பியை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டாள்.

"சூப்பர் ஆன்ட்டி!" என்று தனுஜா கைப்பேசியை உயர்த்தினாள். "அப்படியே மாட்டோட நில்லுங்க. கொஞ்சம் சிரிங்க லா!"