நானாக இளைத்த உடம்பு

குண்டாவதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் லாரி ஓட்டியவர். எச்.ஐ.வி.யில் போனார், போகும்போது எனக்கும் கொடுத்துவிட்டுப் போனார். அந்த வருஷம் நான் எலும்பும் தோலுமாகக் கிடந்தேன். சொந்தக்காரர்கள் கண்ணாலேயே என்னை எடை போட்டார்கள். நோயின் பெயரை யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அரசு ஆஸ்பத்திரி மாத்திரையில் உடம்பு தேறியதும் ஒரு முடிவுக்கு வந்தேன். மெலிந்தால்தானே சந்தேகம்? தின்று காட்டுகிறேன் பார்.

தின்றேன். கடையை மூடியதும் புரோட்டா, சால்னா. டீக்கு முந்திரி மக்ரூன். என் பலசரக்குக் கடைக்கு வருகிறவர்கள், "அக்கா, நல்லா பூசினாப்ல இருக்கீங்க" என்பார்கள். கேட்கக் கேட்க இனிக்கும். விசேஷ வீடுகளுக்கு இறுக்கமான ஜாக்கெட் போட்டுக்கொண்டு போய், எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி நடுவில் உட்காருவேன். எவரும் வாயைத் திறக்க முடியாது.

போன வருஷம் மாத்திரை வாங்கப் போனபோது, டாக்டரம்மா ரத்தச் சோதனையையும் ஸ்கேனையும் பார்த்துவிட்டு, "கிருமி நல்லா அடங்கியிருக்கும்மா. ஆனா சர்க்கரை வாசல்ல வந்து நிக்குது. ஈரல்ல கொழுப்பு படிஞ்சிருக்கு" என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "நான் ஒரு சொட்டு குடிச்சதில்லயே டாக்டர். குடிக்கிறவுகளுக்குல்லா ஈரல் போவும்?"

"குடிக்காதவங்களுக்கும் வரும். எச்.ஐ.வி.யோட ரொம்ப வருஷம் இருக்கிறவங்களுக்கு இது ரெண்டும் வர வாய்ப்பு கூடுதல். கொஞ்சம் கிருமி, கொஞ்சம் மருந்து, மிச்சம் உங்க சாப்பாடு. இப்ப இளைச்சா ஈரல் தேறிடும். விட்டா சுருங்க ஆரம்பிச்சிடும்."

"ஆவணியில ஓட்டப்பிடாரத்துல ஒரு கல்யாணம். அது முடியட்டுமே?"

"கல்யாணம் முடியட்டும்னு ஈரல் காத்திருக்காதும்மா."

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் டாக்டரம்மாவை மனசுக்குள் திட்டினேன். அது என் வீட்டுக்காரரின் அக்கா வீட்டுக் கல்யாணம். நான் மெலிந்து கிடந்த காலத்தில், நான் காப்பி குடித்த தம்ளரைத் தனியாக ஒதுக்கி வைத்தவர் அந்த மைனிதான். அந்த மனுஷி முன்னால் மறுபடியும் ஒட்டிய கன்னத்தோடு போய் நிற்பதா? ஈரலா, மானமா என்று சில நாள் மனசுக்குள் எடை போட்டேன். கடைசியில், சுவர் இருந்தால்தானே சித்திரம் என்று எழுந்தேன்.

விடியற்காலையில் பீச் ரோட்டில் நடக்க ஆரம்பித்தேன். உப்பு லாரிகள் புழுதியை வாரி இறைத்துவிட்டுப் போகும்; நானும் விடவில்லை. புரோட்டாவை நிறுத்தினேன், சீனியை நிறுத்தினேன். "கருப்பட்டி ஒண்ணும் செய்யாது" என்று ஊருக்கெல்லாம் சொல்லி விற்கிற நானே கருப்பட்டிக் காப்பியையும் நிறுத்தினேன். அதுதான் அழுகை வந்த இடம். கன்னம் ஒட்டியது. "என்னம்மா, உடம்புக்கு முடியலையா?" என்று கேட்ட கடைத்தெரு அண்ணாச்சி மேல் எரிந்து விழுந்தேன், பாவம்.

கல்யாணத்துக்கு முந்திய சோதனையில் சர்க்கரை இறங்கியிருந்தது. ஈரலும் தேறி வருவதாக டாக்டரம்மா சொன்னார். அன்றைக்கு எனக்கு நிலைகொள்ளவில்லை. யாரிடம் சொல்லிப் பெருமைப்படுவது?

கல்யாணப் பந்தியில் மைனி என் இலை முன்னால் வந்து நின்றார்.

"ஏளா, என்ன இப்படி வத்திப் போயிட்ட? பழைய சீக்கு திரும்பிட்டோ?" எல்லார் காதிலும் விழுகிற குரல்.

சாம்பார் வாளியோடு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"திரும்புததுக்கு அது எங்க போச்சு மைனி? எனக்கு எச்.ஐ.வி. இருக்கு. மாத்திரையில அடங்கிக் கெடக்கு. இது சீக்குல மெலிஞ்ச உடம்பு இல்ல. ஈரல்ல கொழுப்புன்னு சொன்னாவ, நானா நடந்து கரைச்சிட்டு வாரேன்."

மைனி முகத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல், "அவளுக்கு ரசம் ஊத்துங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். பக்கத்து இலைக்காரி எழுந்து போவாளென்று நினைத்தேன். அவள் சேலைத் தலைப்பை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டு, "தெனமும் எவ்வளவு தூரம் நடக்கிய?" என்று மெதுவாகக் கேட்டாள்.

சொன்னேன். சொல்லும்போதே சிரிப்பு வந்தது. அந்த மூன்றெழுத்தை வாய்விட்டுச் சொல்லாமல் தப்பிப்பதற்காகத்தான் இத்தனை வருஷமும் அவ்வளவையும் தின்று தீர்த்திருக்கிறேன்.