ஊர் மக்கள் சொல்கிறார்கள்

காலை 6.40, மாத்தளை பஸ் நிலையம். என் வலைப்பூவில் எட்டு மாதமாக ஒரு வரிகூட இல்லை. பதினொரு வருடம் வாரம் தவறாமல் ஊர் சுற்றி எழுதியவன் நான். இப்போது கணினியைத் திறந்தால் உடனே மூடிவிடுகிறேன். இன்று ஒரு நாள் சுற்றுவேன், எழுத ஏதாவது கிடைத்தால் சரி, இல்லையென்றால் தளத்தையே மூடிவிடுவேன் என்று மனைவியிடம் சொன்னேன். "மூடுறதுக்கு எதுக்குங்க பஸ் ஏறணும்?" என்றாள். நியாயமான கேள்விதான்.

ஏழு மணிக்கு உக்குவளை. ரயில் கடவையைத் தாண்டி ஒரு கடையில் பிளேன்டீயும் வடையும். வெள்ளைச் சீருடையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள், கதவைத் திறக்கும் கடைக்காரர்கள். குறிப்புப் புத்தகத்தில் "மழை வரும் போலிருக்கிறது" என்று எழுதி, உடனே அடித்தேன். இந்த ஊரைப் பற்றி ஏற்கெனவே "உக்குவளையின் காலை" என்று ஒன்றும் "உக்குவளையில் ஒரு காலை" என்று இன்னொன்றும் எழுதித் தொலைத்திருக்கிறேன். சீ, வெட்கமாக இருந்தது.

திரும்பி மாத்தளை வந்து, இரண்டு பஸ் மாறி, 10.20க்கு வஹகோட்டை. வார நாள் என்பதால் தேவாலய முற்றத்தில் ஆளே இல்லை. மெழுகுவர்த்தி விற்கும் பெண்ணிடம், யாருக்கும் தெரியாத கதை ஏதாவது இந்த ஊரில் உண்டா என்று சிங்களத்தில் கேட்டேன். யாருக்கும் தெரியாததை நான் மட்டும் எப்படிச் சொல்வேன் என்று அவள் திருப்பிக் கேட்டாள். இரண்டு மெழுகுவர்த்தி வாங்கி ஏற்றினேன். என்ன வேண்டிக்கொண்டேன் என்று சொல்லவும் கூச்சமாக இருக்கிறது. ஒரு பதிவுக்கு விஷயம் வேண்டும் என்றா சாமியிடம் கேட்பார்கள்? கேட்டேன்.

பிற்பகல் 1.15, பல்லேபொல. தோட்டங்களில் மிளகுக் கொடியும் கராம்பு மரமும், அப்பால் வயல். எல்லாம் அழகுதான். எனக்குள் எதுவும் அசையவில்லை. முச்சக்கர வண்டித் தரிப்பிடத்தில் முதலாவதாக நின்றவர் நிஸார் நானா, அறுபதை நெருங்கியவர், உக்குவளைக்காரர்.

"நானா, யாரும் எழுதாத இடமா ஒண்ணு காட்டுங்க."

"ஏறுங்க தம்பி. மலைத் தண்ணி கொட்டுற ஒரு பீலி ஈக்கு. மூணு நாள் குளிச்சா மூட்டு வலி பறந்துரும். ஊர் ஆக்கள் காலங்காலமா செல்றாங்க."

போகவர அறுநூறு ரூபாய் என்று பேசினோம். மூன்றாவது கிலோமீற்றரில் ஒரு வளைவும், அதை ஒட்டி ஒரு பாறையும் வந்தன. எங்கோ பார்த்த பாறை. நாலாவது கிலோமீற்றரில் வண்டி நின்றபோது அடையாளம் தெரிந்துவிட்டது.

ஏழு வருடத்துக்கு முன் மழைக்கு ஒதுங்கிய இடம் அது. மலைத் தண்ணீரை மூங்கில் குழாயில் இறக்கி விட்டிருந்தார்கள், அவ்வளவுதான். அந்த வாரம் எழுத எதுவும் கிடைக்கவில்லை. பீலியைப் படம் எடுத்துப் போட்டு, வழியும் எழுதி, "மூன்று நாள் குளித்தால் மூட்டு வலி தீரும் என்று ஊர் மக்கள் சொல்கிறார்கள்" என்று சேர்த்தேன். ஊர் மக்கள் ஒருவரையும் நான் கண்டதில்லை. விஷயம் இல்லாத வாரங்களில் எல்லாம் அந்த இரண்டு சொல்தான் எனக்குக் கைகொடுத்தது. ஊர் மக்கள் எந்த நாளில் வந்து மறுக்கப் போகிறார்கள்?

இப்போது மூங்கில் இருந்த இடத்தில் பிளாஸ்டிக் குழாய். கீழே ஷாம்பு உறைகளும் தைல போத்தல்களும் சேற்றில் மிதிபட்டுக் கிடந்தன. வேன் ஒன்றில் வந்த ஏழெட்டுப் பேர் முழங்காலைத் தண்ணீரில் காட்டி நின்றார்கள். ஓரமாக இரண்டு வாளியுடன் ஓர் அம்மா காத்திருந்தார். பீலிக்குப் பக்கத்து வீட்டு சரோஜா அக்கா என்று நானா அறிமுகம் செய்தார்.

"எவ்வளவு நேரமா நிக்கிறீங்க அக்கா?" என்று கேட்டேன்.

"பன்னெண்டு மணிலருந்து. ஆறு வீட்டுக்கும் இதாங்க தண்ணி. எங்க பொம்பளைங்க குளிச்சு வருசக்கணக்காச்சு இங்க. எவனோ நெட்டுல எழுதிட்டானாம்."

"வலி போகும்னு நீங்களும் சொல்றீங்களா?"

"ஆரம்பத்துல இல்லவே இல்லன்னு கத்தினேன். மறைக்கிறேன்னு சண்டைக்கு வந்தாங்க. இப்பல்லாம் ஆமாங்க, போயிரும்னு சொல்லிருவேன். குளிச்சிட்டுச் சீக்கிரம் கெளம்பிருவாங்கல்ல?"

"அக்கா, அதை எழுதினது நான்தாங்க" என்றேன். அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். என்னைப் பார்த்து, "ஏங்க?" என்றார். அவ்வளவுதான் கேட்டார். எழுத ஒன்றும் கிடைக்கவில்லை என்று எந்த வாயால் சொல்வேன்? வாளியை வாங்கி நிரப்பித் தரலாம் என்று கை நீட்டினேன். "வேணாம், தள்ளி நில்லுங்க" என்று தானே பிடித்துக்கொண்டு போனார்.

நிஸார் நானாவுக்கோ ஒரே சந்தோஷம். "அல்லாவே, எழுதினது நீங்களா! இன்னொருக்கா எழுதுங்க தம்பி. என்ட நம்பரையும் போடுங்க." அது பொய் நானா என்றேன். "வாணாம், அப்பிடிச் செல்லாதீங்க. ஊர் ஆக்களே செல்றாங்களே" என்றார்.

மாலை 4.05 பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. நான் வெளியே பார்க்கவில்லை. ஏழு வருடத்துக்கு முன் பொய்யாக இருந்த வாக்கியம் இன்று உண்மை. ஊர் மக்கள் சொல்கிறார்கள். பதினொரு வருடத்தில் நான் எழுதி நிலைத்தது அது ஒன்றுதான்.

வீட்டுக்கு வந்ததும் பழைய பதிவை அழித்தேன். தேடிப் பார்த்தால் என் வாக்கியம் என் எழுத்துப் பிழையோடு வேறு நாலு தளங்களில் இருக்கிறது. அவற்றை நான் எப்படி அழிப்பது? எட்டு மாதத்துக்குப் பிறகு புதிய பதிவு ஒன்று போட்டேன். பீலியின் பெயரோ வழியோ இல்லாமல், அந்த வைத்தியம் நான் கட்டிய கதை, ஆறு வீட்டுக்காரர்களின் குடிதண்ணீர் அது, தயவுசெய்து போகாதீர்கள் என்று.

ஒரு மணி நேரத்தில் முதல் பின்னூட்டம் வந்தது. "அருமையான பதிவு அண்ணா, ரொம்ப நாளாக் காணோமே. அம்மாவுக்கு முழங்கால் வலி. அந்த இடத்துக்கு எப்படிப் போறது?"