நாற்பத்தோரு நாளும் கேட்டுத்தான் செய்தாள்

சிங்காநல்லூரில் தண்ணீர் மோட்டார் செய்கிற கம்பெனி ஒன்றில் ஏழு வருடமாக ஏற்றுமதிப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறாள் பிரவீனா. பார்த்துக்கொள்கிறாள் என்பது மரியாதைக்குச் சொல்வது. அந்தப் பிரிவே அவள்தான். வயது இருபத்தொன்பது. வேலை பார்த்தவர்களுக்கென்று இப்போது ஊர் ஊராக முளைத்திருக்கிறதே ஓராண்டு எம்.பி.ஏ., அதற்கு மூன்றாவது முறையாக விண்ணப்பம் போட்டிருந்தாள்.

"இதுதாங் கண்ணு கடேசி. இந்த வாட்டியும் கெடைக்கலீன்னா துடியலூர் மாப்பிள்ளைக்குச் சரின்னு சொல்லிப்போடோணும்" என்று அப்பா சுப்பையன் சொல்லியிருந்தார். துடியலூர்க்காரர்கள் நல்லவர்கள்தான். கல்யாணத்துக்கு அப்புறம் பெண் வேலைக்குப் போக வேண்டாம் என்று முதல் பேச்சிலேயே தெளிவாகச் சொல்லிவிட்ட நல்லவர்கள்.

அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு படித்தாள். நுழைவுத்தேர்வில் முந்தைய இரண்டு முறையும் கைவிட்ட மதிப்பெண் இந்த முறை வந்துவிட்டது. சரவணம்பட்டியில் பயிற்சி வகுப்பு நடத்தும் மோகன்குமாருக்கே ஆச்சரியம்.

"மார்க்கு ஆயிருச்சுங்க. ஆனா விண்ணப்பத்தோட எழுதிக் குடுக்கற கட்டுரைய இப்ப எந்தக் காலேஜும் நம்பறதில்லீங்க. கம்ப்யூட்டர்கிட்டச் சொன்னா ரெண்டே நிமிசத்துல எழுதிக் குடுத்துருது. மேல இருக்கறவங்க குடுக்கற சிபாரிசுக் கடுதாசியும் நீங்க நேர்ல சொல்றதும் ஒத்துப்போகுதான்னுதான் பாக்கறாங்க. கடுதாசிய நீங்களே எழுதி மொதலாளி பேர்ல அனுப்பிச்சுப்போடுங்க. அல்லாரும் அப்பிடித்தானுங்க பண்றாங்க" என்றான்.

முதலாளி வேங்கடசாமி விட்டால்தானே? "என்ற கம்பெனிப் புள்ளைக்கு நானே எழுதறேன் அம்மணி" என்று பிடித்த பிடியில் நின்றார். எழுபத்திரண்டு வயது மனுஷன், அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்று நாள் உட்கார்ந்து எழுதி, அவள் கண்ணில்கூடக் காட்டாமல் நேராகக் கல்லூரிக்கு அனுப்பிவைத்தார். எந்த முதலாளி இப்படிச் செய்வார், சொல்லுங்கள்! பிரவீனாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

நேர்காணலில் என்ன சொல்வது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. இரண்டு வருடம் முன்பு வேங்கடசாமி நெஞ்சு ஆபரேஷனுக்காக நாற்பத்தோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அந்த நேரம் பார்த்துச் செம்பு விலை ஏறி, மோட்டாருக்குச் செம்புக் கம்பி கொடுப்பவர் கையை விரித்துவிட்டார். கென்யாவுக்குப் போக வேண்டிய சரக்கு அந்தரத்தில் நின்றது. வேறு ஆளைத் தேடிப் பிடித்துக் கம்பி வாங்கியது அவள். கென்யாக்காரரிடம் பேசி இரண்டு வாரம் தவணை வாங்கியது அவள். ஷிப்டை மாற்றிப் போட்டதும் அவளே. கம்பெனி மூடாமல் தப்பியது.

ஒவ்வொரு நாளும் சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கட்டில் ஓரத்தில் நிற்பாள். "ஐயா, கம்பிக்கு வேற ஆளப் பாக்கலாமுங்களா?" என்பாள். கம்பி அன்று காலையிலேயே வந்து இறங்கியிருக்கும். அவர் கண்ணை மூடி யோசித்து, "பாரு அம்மணி" என்பார். பெரியவர் முன்னால் போய் நின்று 'செஞ்சுபோட்டேன்' என்று சொல்ல முடியுமா? செய்ததையும் செய்யலாமா என்றுதான் கேட்க வேண்டும். இதை யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. இந்தப் பக்கம் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

நேர்காணலில் கணினித் திரையில் மூன்று பேர். நாற்பத்தோரு நாள் கதையைத் தடங்கலில்லாமல் சொன்னாள். நடுவில் இருந்த அம்மாள் கேட்டார்: "இந்த முடிவுகளையெல்லாம் நீங்களே எடுத்தீர்களா?"

"ஆமாம்."

அந்த அம்மாள் குனிந்து எதையோ படித்தார். "யாரையும் கேட்காமலா?"

"யாரையும் கேட்கவில்லை" என்றாள் பிரவீனா, முன்னைவிட உறுதியாக. அதற்கு மேல் அவர்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. வானிலை எப்படி என்று கேட்டு முடித்துக்கொண்டார்கள்.

செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்குப் பதில் வந்தது. வருந்துகிறோம் என்று இரண்டு வரி. மூன்று வருடத்தின் மேல் மண்ணைப் போட இரண்டு வரி போதுமாக இருந்தது. அவள் கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். முகம் கழுவிக்கொண்டு வெளியே வரும்போது முதலாளி கூப்பிட்டு அனுப்பியிருந்தார்.

விஷயத்தைச் சொன்னாள். அவர் முகம் சுருங்கிப்போனது. "அவனுகளுக்குக் குடுத்து வெக்கலடா கண்ணு. வெசனப்படாத" என்றவர், மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். "நான் எழுதுன கடுதாசி. நகல் வெச்சிருந்தேன். படிச்சுப் பாரு, மனசுக்குத் தெம்பா இருக்கும்."

ஆங்கிலத்தில் இருந்தது. தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: 'தங்கமான பெண். பெரியவர் பேச்சைத் தட்டமாட்டாள். நான் ஆஸ்பத்திரியில் இருந்த நாற்பத்தோரு நாளும் என்னைக் கேட்காமல் ஒரு துரும்பைக்கூட அசைத்ததில்லை. தினமும் வந்து கேட்டுத்தான் செய்தாள். இப்படி ஒரு பணிவை நான் எங்கும் கண்டதில்லை.'

அடக் கடவுளே! அந்த அம்மாள் குனிந்து படித்தது இதைத்தான். அந்த மூன்று பேர் கண்ணுக்கும் அவள் பொய்க்காரி.

ஐயா, நீங்கள் பாரு என்று சொல்லும் முன்பே எல்லாம் முடிந்திருந்தது என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். நாக்கு நுனி வரை வந்தது. எதிரே அவர், சட்டையின் மேல் பொத்தானுக்குக் கீழே தையல் தழும்போடு. 'ஆஸ்பத்திரிக் கட்டல்ல படுத்துட்டே கம்பெனிய ஓட்டுனனுங்க' என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்லி மகிழ்கிற மனுஷன். அவருக்கு மிச்சமிருப்பது அந்த ஒரு பெருமைதான். அதைப் பிடுங்கினால் அவளுக்கு சீட் வந்துவிடப் போகிறதா?

"நல்லா எழுதியிருக்கறீங்க ஐயா" என்றாள்.

"அப்புறம்? ஞாயித்துக்கெழம துடியலூர்க்காரங்க வாராங்கன்னு உங்கப்பன் சொன்னான்."

"ஆமாங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி, தூத்துக்குடி லாரி என்னாச்சு?"

லாரி காலை ஒன்பதரைக்கே கிளம்பிவிட்டது. இந்நேரம் தாராபுரத்தைத் தாண்டியிருக்கும்.

பிரவீனா தாளை மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள். "அனுப்பிச்சரலாமுங்களா ஐயா?" என்று கேட்டாள்.