பழுதில்லாத மரபணு

அக்காவை நினைத்தால் முதலில் வருவது ஆஸ்பத்திரி வார்டின் ஜன்னலோரம்தான். மகனுக்கு ரத்தம் ஏறிக்கொண்டிருக்கும். சொட்டு விழுவதைப் பார்த்தபடியே எனக்கு ஆரஞ்சு உரித்துத் தருவாள். கல்லிடைக்குறிச்சியில் பஸ் ஏறி, பாளையங்கோட்டைக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவள் வராத மாதம் கிடையாது.

அக்காவைக் கட்டியவர் எங்கள் அத்தை மகன். பிள்ளைக்கு ரத்தம் ஊறவில்லை என்று தெரிந்ததும், "எங்க வீட்டு ரத்தத்துல இப்படிக் கெடையாதுல்லா" என்றாள் அத்தை. அவள் எங்கள் அப்பாவோடு கூடப் பிறந்தவள். தான் பிறந்த வீட்டைத்தான் பழிக்கிறோம் என்பது அவளுக்கும் உறைக்கவில்லை, எங்களுக்கும் உறைக்கவில்லை. அக்கா மட்டும் அந்த வார்த்தையைச் சுமந்தாள்.

நான் அப்போது மரபணு ஆய்வகம் ஒன்றில் சேர்ந்திருந்தேன். அக்கா, அத்தான், பிள்ளை மூன்று பேர் ரத்தத்தையும் சோதித்தோம். ரத்தத்தின் சிவப்பை உண்டாக்கும் மரபணுக்களில் ஒரு பழுதும் இல்லை. ஆனால் மனிதனின் மொத்த டி.என்.ஏ.வில் மரபணுக்கள் சொற்பம். அவற்றை முடுக்கிவிடும் சுவிட்சுகள் எங்கோ தள்ளி, மிச்சத்துக்குள் கிடக்கின்றன. எது வேலை செய்கிற இடம், எது சும்மா கிடக்கிற இடம் என்று கண்டு குறிப்பதுதான் என் பிழைப்பு. அலுப்புப் பிடித்த வேலை. கண் எரியும்வரை திரையைப் பார்த்தாலும், மாதக்கணக்கில் பார்த்த இடம் ஒன்றுமில்லை என்று போகும். "இவ்வளவு நாளா என்னத்தட்டி தேடுதிய?" என்று அக்கா கேட்கும்போது எனக்கே எரிச்சலாக வரும்.

அதற்குள் அவள் மறுபடி உண்டானாள். பழுது இருக்கும் இடம் தெரிந்திருந்தால், வயிற்றுப் பிள்ளையைச் சோதித்துச் சொல்லிவிடலாம். தெரியவில்லை. டாக்டரும் கையை விரித்துவிட்டார். "இன்னொண்ணையும் ஊசிக்குப் பெத்துப்போட என்னால ஏலாது, ஏட்டி" என்று என்னிடம் மட்டும் சொன்னாள். மூன்றாம் மாதம் கலைத்துவிட்டு வந்தாள். அத்தை அதற்கும் ஏதோ சொன்னாள்.

போன வருஷம்தான் அந்த இடம் பிடிபட்டது. மரபணுவுக்கு வெகுதூரம் தள்ளி ஒரு சுவிட்சு. பிள்ளைக்குத் தாய், தகப்பன் இரண்டு பக்கமும் அது இல்லாமலே போயிருந்தது. அந்தக் குறை அப்பா வழியாக அக்காவுக்கு வந்தது ஒன்று, அத்தை வழியாக அத்தானுக்கு வந்தது ஒன்று. அத்தை போய்ச் சேர்ந்துவிட்டாள். இருந்திருந்தாலும் அவளோடு மல்லுக்கு நிற்க எனக்குத் தெம்பில்லை.

அக்காவிடம் போய்ச் சொன்னேன். வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள், கையை நிறுத்தவில்லை.

"அப்போ, இது முன்னமே தெரிஞ்சிருந்தா அந்தப் பிள்ளையப் பாத்துச் சொல்லிருப்பியளோ?"

"சொல்லிருப்போம்க்கா."

"நல்லா இருந்திருக்குமோ?"

நாலில் மூன்று பங்கு அப்படி இருந்திருக்கத்தான் வாய்ப்பு. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "தெரியாதுக்கா" என்றேன்.

"பொம்பளப் பிள்ளைன்னு நெனச்சிக்கிட்டிருந்தேன்" என்றாள்.