பட்டியலில் மட்டும் இருந்த கோப்பு

தில்லி கரோல் பாக்கில் ஒரு தனியார் ரத்த வங்கியில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தவள் அகல்யா. கம்ப்யூட்டர்கள் வந்தபோது அவற்றைத் தொடப் பயப்படாத ஒரே ஆள் அவள்தான் என்பதால், ஆறு லினக்ஸ் இயந்திரங்களும் ஒரு சர்வரும் அவள் தலையில் விழுந்தன. சம்பளம் டைப்பிஸ்ட் சம்பளமாகவே இருந்தது. சரோஜினி நகர் குவார்ட்டர்ஸிலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி வருவாள்.

2003 மே மாதம் சர்வரில் ஒரு பாதுகாப்பு ஓட்டையை அடைக்க வேண்டியிருந்தது. புதுப்பிப்புகளை மூல சர்வரிலிருந்து நகலெடுத்து வைக்கும் இடத்துக்கு மிரர் என்று பெயர். அவள் நம்பியிருந்தது தில்லியிலேயே ஒரு கல்லூரி நடத்திய மிரரை. அதிலிருந்து கோப்புகளின் பட்டியல் ஒழுங்காக இறங்கியது. பட்டியலில் இருந்த கோப்புகளைக் கேட்டால் மட்டும், அப்படி ஒன்றும் இங்கே இல்லை என்று பதில் வந்தது. வெளிநாட்டு மூல சர்வரிலிருந்தே இழுத்துப் பார்த்தாள். நான்கு தடவையும் பாதியில் லைன் அறுந்தது.

மூன்றாம் நாள் மேனேஜர் ராஜகோபால் வந்து நின்றார்.

"இன்னுமா அதையே பாத்துண்டிருக்கே? ஜல்தி முடிம்மா."

இல்லாததை விட்டுவிட்டு மற்றதைப் போடட்டுமா என்று திரை கேட்டுக்கொண்டிருந்தது. கூடாது என்று அவளுக்குத் தெரியும். கண் எரிந்தது, கூலரில் தண்ணீர் தீர்ந்து வெறும் அனல் வீசியது. சரி என்று தட்டிவிட்டாள்.

அதன்பின் டேட்டாபேஸ் எழுந்திருக்கவே இல்லை. பாதி புதிது, பாதி பழையது. ஒன்றோடு ஒன்று ஒட்டவில்லை. எந்த வகை ரத்தம் எத்தனை பை இருக்கிறது என்று பார்க்கக் கவுண்டர்காரர்கள் ஃப்ரிட்ஜைத் திறந்து எண்ணி நோட்டில் எழுத ஆரம்பித்தார்கள்.

கல்லூரிக்குப் போன் அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. மறுநாள் காலை வெயிலில் பஸ் பிடித்து நேரிலேயே போனாள். அடித்தளத்து அறையில் வில்பிரட் என்ற ஒல்லியான மனிதன் லேப் பிரிண்டர் ஒன்றைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தான். பாளையங்கோட்டைக்காரன்.

"மிரர் நான்தான் பாக்கேன். ஏன், என்ன ஆச்சு?"

அவள் சொல்லச் சொல்ல அவன் முகம் சுருங்கியது. போய்த் திரையைப் பார்த்தான்.

"டிஸ்க் ரொம்பிட்டு மேடம். பட்டியல் வந்திருக்கு, கோப்பு வர எடமில்லாம நின்னுட்டு. புது டிஸ்க் கேட்டு ரெண்டு வருசமா எழுதுதேன்."

"நாலு நாளா இப்படியே கிடக்கு. வேற யாருமே சொல்லலியா?"

"ஒருத்தரும் போன் பண்ணல. யாராச்சும் இத உபயோகிக்காங்களான்னே எனக்குத் தெரியாது."

திட்டுவதற்கென்று வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகளை விட்டுவிட்டாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பழைய பதிப்புகளை அழித்து இடம் உண்டாக்கினான் வில்பிரட். இனி கோப்புகள் முழுக்க வந்த பிறகே பட்டியல் மாறும்படி வரிசையையும் திருப்பி வைத்தான். நகல் முடிய மூன்று மணி நேரம் ஆனது. கேன்டீன் டீயைக் குடித்துக்கொண்டு இருவரும் திரையில் எண்கள் ஓடுவதைப் பார்த்தார்கள்.

அவள் திரும்பிப் போய் விடுபட்ட கோப்புகளை இறக்கிப் போட, நாலரை மணிக்கு ரத்த வங்கி சர்வர் உயிர் பெற்றது.

"சார், மிரர்ல கோளாறுதான். ஆனா பாதியைப் போட்டது நான். அது என் தப்பு," என்றாள்.

"அச்சா, இப்ப சரியாயிடுத்தில்ல?" என்றார் ராஜகோபால், தலை நிமிராமல்.

நோட்டில் எழுதிய அறுபத்து மூன்று பைகளையும் அவளே கணினியில் ஏற்றினாள். கணவன் பூவராகவன் போன் செய்து, சப்பாத்திக்கு மாவு பிசைந்து வைக்கட்டுமா என்று கேட்டான். பிசைந்து வை என்றாள்.

அன்றிலிருந்து எதையும் முதலில் ஒரு பழைய இயந்திரத்தில் போட்டு, இரண்டு நாள் ஓடவிட்டுப் பார்த்த பிறகே சர்வரில் கை வைப்பாள். ராஜகோபால் அவசரப்படுத்தினாலும் முடியாது என்று சொல்லப் பழகினாள். சில நாட்கள் காலையில் வில்பிரட்டிடமிருந்து போன் வரும்: "மேடம், நகல் நடுவுல நின்னுட்டு. இன்னைக்குத் தொடாதீய."

வில்பிரட் கேட்ட டிஸ்க் அடுத்த வருஷம் வந்தது, கேட்டதில் பாதி அளவில்.