அண்டாவும் கத்தரியும்

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று மதுரையே பயந்து கிடந்த சமயம். அவரவர் வீட்டில் காய்கறி வளர்க்கச் சொன்னது சர்க்கார்தான். ஓட்டுக் கூரையிலிருந்து வடிந்த மழைத்தண்ணீரை இரண்டு அண்டாவில் பிடித்து, கொல்லையில் கத்தரிச் செடிகளுக்கு ஊற்றிவந்தேன்.

ஒருநாள் காக்கிச் சட்டை போட்ட சர்க்கார் ஆள் வந்தார்.

"குண்டு விழுந்து தீப்பிடிச்சா அணைக்கத் தண்ணி வேணும். அண்டாவத் தொடாதீங்க."

"எப்பண்ணே விழும்?"

"அது யாருக்குத் தெரியும்?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஊற்றினால் குற்றமா, ஊற்றாவிட்டால் குற்றமா? நிறைந்த அண்டாவுக்கும் வாடும் செடிகளுக்கும் நடுவே தினமும் செம்போடு நின்றேன்.

ஒரு மாதம் கழித்து அவரே வந்து அண்டாவை எட்டிப்பார்த்தார். "இம்புட்டுப் புழு நெளியுதே! உடனே கொட்டுங்க."

கொட்டினேன். காய்ந்த கத்தரிக் குச்சிகள் நன்றாக நனைந்தன.