மாற்று மாத்திரைக்குத் தனிப் பக்கம்

நீலகிரியில் அரவேணுவுக்குக் கீழே ஒரு தேயிலை எஸ்டேட் டிஸ்பென்சரியில் மருந்து இருப்புப் புத்தகம் எழுதும் வேலை எனக்கு. கைக்குழந்தையைக் கூடையில் போட்டுக் காலடியில் வைத்துக்கொண்டு எழுதுவேன். மாதம் ஒருமுறை வேண்டிய மருந்துகளுக்கு இன்டென்ட் எழுதிப் போட்டால் கோயம்புத்தூரிலிருந்து பெட்டி வரும். கேட்டது கிடைக்காவிட்டால் அதே மருந்தை வேறு கம்பெனிப் பெயரில் அனுப்பிவிடுவார்கள். கம்பவுண்டர் அதைப் பழைய பெயருக்குக் கீழேயே வரவு வைத்துவந்தார். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஒவ்வொரு பெயருக்கும் தனிப் பக்கம் திறந்தேன்.

"ஏனுங்க, சட்டைய மாத்துனா ஆளு மாறிப்போயிருமா?" என்று சிரித்தார் அவர். "படிச்சவீங்க எழுதுனா நோட்டே பத்தாதாட்ட இருக்குதே."

பொட்டலத்தின் மேல் மருந்தின் பெயரைத் தமிழில் எழுதித் தரும் வழக்கத்தையும் நான்தான் கொண்டுவந்தேன்.

சிலோனிலிருந்து வந்து கீழ் லயன் வரிசை வீட்டில் குடியிருந்த ஒருத்தி, நாலு வயது மகளுக்கு வலிப்பு மாத்திரை வாங்க வருவாள். அவளுக்கும் என் வயதுதான். எஸ்டேட்டில் வேறு யாருக்கும் அந்த மாத்திரை கிடையாது. தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே வந்து நிற்பாள். கப்பல் இறங்கி முகாமில் இருந்தபோது மாத்திரை தீர்ந்து பிள்ளை துடித்ததை அவள் மறக்கவில்லை.

"கையில கொஞ்சம் மிச்சம் இருந்தாத்தாங்கம்மா எனக்குத் தூக்கமே வருது" என்பாள்.

அந்த மாதம் மாத்திரை வேறு பெயரில் வந்தது. முன்பு வெள்ளை, இது இளஞ்சிவப்பு. தனிப் பக்கம் திறந்தேன். பொட்டலத்தில் புதுப் பெயரை எழுதினேன். "இனிமே இதைக் குடுங்க" என்றது நினைவிருக்கிறது. "பழசை நிறுத்திடுங்க" என்றும் சொன்னேனா? கூடையில் மகன் அழுதுகொண்டிருந்தான். சொன்னதாகச் சில நாள் தோன்றும். சொல்லவில்லை என்றே பல நாள் தோன்றுகிறது.

ஐந்தாம் நாள் காலை மகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தாள். எவ்வளவு எழுப்பியும் பிள்ளை கண் திறக்கவில்லை. கம்பவுண்டர் இமையைத் தூக்கிப் பார்த்தார்.

"என்னம்மா குடுத்தே?"

முந்தானை முடிச்சிலிருந்து இரண்டு பொட்டலங்களை எடுத்தாள். "பழசுல ஒண்ணு, புதுசுல ஒண்ணுங்க ஐயா. பள்ளிக்கூடம் போற மூத்தவதான் வாசிச்சுச் சொன்னா, ரெண்டுலயும் வேற வேற பேருன்னு. ரெண்டு மருந்துன்னு நெனச்சேங்க."

இரண்டிலும் என் கையெழுத்து. கம்பவுண்டர் எஸ்டேட் ஜீப்புக்கு ஆள் அனுப்பினார். மேஜையில் புத்தகம் திறந்தே கிடந்தது. அதிலும் அவை இரண்டு மருந்துகளாகத்தான் இருந்தன.

குன்னூர் ஆஸ்பத்திரியில் பிள்ளை பிழைத்துக்கொண்டது. அவர்கள் வீடு திரும்பியதும், பழைய பெயர் புதுப் பெயர் இரண்டையும் ஒன்றாக எழுதிய பொட்டலத்துடன் லயனுக்குப் போனேன். பலகையைத் துடைத்து உட்காரவைத்தாள். வெறுந்தேநீர் தந்தாள். பொட்டலத்தை மட்டும் இரண்டு கையாலும் என்னிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"வேணாங்கம்மா. இப்பத்தான் முழிச்சு விளையாடுது."

"திடீர்னு நிறுத்தக்கூடாதும்மா. வலிப்பு வந்துடும்."

"கோவிச்சுக்காதீங்க" என்றாள்.

இன்னும் கொஞ்சம் வற்புறுத்தியிருக்கலாம். கம்பவுண்டரைக் கூட்டிப்போயிருக்கலாம். எந்த முகத்தோடு பேசுவது என்று எழுந்து வந்துவிட்டேன். மாத்திரைகளைத் திரும்ப வரவு வைத்தேன்.

மறு வாரம் நடுப்பகலில், கொழுந்து நிறுக்கும் நேரத்தில் வலிப்பு வந்தது. நிற்கவேயில்லை. ஜீப் மேல் ரோட்டை எட்டுமுன் பிள்ளை போய்விட்டது.

மாதக் கடைசியில் இன்டென்ட் எழுத உட்கார்ந்தேன். இப்போது ஒரே பக்கம். பழைய பெயருக்குக் கீழே புதுப் பெயர். அந்த மாத்திரைக்கு நேரே, வேண்டிய அளவு என்ற கட்டத்தில் பேனா நின்றது. கம்பவுண்டரைப் பார்த்தேன்.

"கோடு போட்டுருங்க" என்றார்.

போட்டேன். கூடையில் மகன் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். தோளைத் தொட்டு எழுப்பினேன். வீறிட்டு அழும்வரை விடவில்லை.